இயல் 3: கை விழும் இடம், கை எழும் நேரம்

இந்த இயலைப் படிக்கும்போது கஹோன் பக்கத்தில் இருக்கட்டும். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு வாசித்துப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால், சொல்வதில் பாதி கைக்கு வந்து சேராது.

முதலில் எந்தத் தட்டும் பழக வேண்டாம். பெட்டியின் மேல் உட்கார்ந்து, முன்பலகையின் மேல் விளிம்பில் நடுவிரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரு விரற்கடை கீழே இறங்கி மறுபடி தட்டுங்கள். இன்னும் ஒரு விரற்கடை. இப்படியே பலகையின் நடு வரைக்கும் இறங்குங்கள். அதே விரல், அதே பலம். மேலே 'டக்' என்று காய்ந்த ஒலி வரும். நாலைந்து விரற்கடை தாண்டியதும் ஒலிக்குள் ஒரு கனம் ஏறத் தொடங்கும். அரைச் சாண் இறங்கிவிட்டால் 'தும்' என்று அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கேட்கும். பலத்தைக் கூட்டவே இல்லை, இடத்தை மட்டும்தான் மாற்றினீர்கள். இந்த இயலில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு சோதனையின் விரிவுதான்.

காரணம் எளிது. பெட்டியின் மற்றப் பக்கங்கள் தடித்த மரம். முன்பலகை மட்டும் ஏறக்குறைய 3 மி.மீ. கனமுள்ள மெல்லிய ப்ளைவுட். அது ஓரங்களில் பசையாலோ ஸ்க்ரூவாலோ சட்டத்தோடு பிடிக்கப்பட்டிருக்கும். பிடிபட்ட இடத்தில் மரம் அசைய முடியாது. எனவே விளிம்பில் தட்டினால் குறுகிய, கூரான ஒலிதான் வரும். உள்ளே தள்ளித் தட்டும்போது பலகை முழுவதும் முன்னும் பின்னும் அசைந்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றை முதுகிலுள்ள துளை வழியாக வெளியே தள்ளுகிறது. நம்பாவிட்டால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் பேஸ், அதாவது அந்தக் கனத்த 'தும்' ஒலி, தட்டும்போது அந்தத் துளையை ஒரு தலையணையால் அடைக்கச் சொல்லுங்கள். கனம் சட்டென்று வற்றிப்போகும். கஹோனைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காரக் கூடாது என்று சொல்வதும், மேடையில் பேஸ் மைக்கைப் பின்துளைப் பக்கம் வைப்பதும் இதனால்தான்.

இரண்டே ஒலிகள் உள்ள வாத்தியம் என்று யாரும் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இந்தப் பெட்டியை வாத்தியமாக்கியவர்கள் பெரு நாட்டின் கடற்கரைப் பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சரக்கு வந்த மரப்பெட்டிகளும் பழம் பறித்துப் போடும் பெட்டிகளும்தான் அவர்கள் கைக்கு எட்டின. ஸ்பானிய மொழியில் கஹோன் என்றால் பெரிய பெட்டி என்றே பொருள். பெருவில் அடிமைமுறை ஒழிந்தது 1854இல். அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்த இசை கறுப்பின மக்களின் வீட்டு முற்றங்களிலும் விருந்துகளிலும்தான் வாழ்ந்தது. 1950களிலிருந்து நிக்கோமேதெஸ் சாந்தா க்ரூஸ், அவருடைய சகோதரி விக்டோரியா சாந்தா க்ரூஸ் போன்றோர் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1969இல் தொடங்கிய 'பெரு நெக்ரோ' குழு அதை உலகெங்கும் எடுத்துச் சென்றது. 2001இல் பெரு அரசு கஹோனை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் இன்று கஹோன் இல்லாத கச்சேரி அரிது. ஆனால் அது அங்கே போய்ச் சேர்ந்தது 1977க்குப் பிறகுதான். கிதார் மேதை பாக்கோ தெ லூசியா அந்த ஆண்டு லிமாவுக்குப் போனபோது, பாடகி சாபுக்கா கிராந்தாவுக்குக் கைத்ரோ சோத்தோ கஹோன் வாசிப்பதைக் கேட்டார். ஒரு பெட்டியைத் தம்மோடு ஸ்பெயினுக்கு எடுத்துச் சென்றார். அவருடைய குழுவில் இருந்த பிரேசில் நாட்டுத் தாளக் கலைஞர் ரூபெம் தந்தாஸ் அதை ஃபிளமெங்கோவின் வாத்தியமாக நிலைநிறுத்தினார்.

இந்த வரலாற்றுக்கும் உங்கள் கைப்பயிற்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பெரு நாட்டுக் கஹோனுக்குள் எந்தக் கம்பியும் இருக்காது. மரமும் காற்றும் மட்டும். ஸ்பெயினுக்குப் போன பிறகுதான் முன்பலகையின் உட்புறத்தில் கிதார் கம்பிகளை இழுத்துக் கட்டி, ஒலியோடு ஒரு சரசரப்பைச் சேர்த்தார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. சிலவற்றில் ட்ரம்ஸில் வரும் ஸ்னேர் கம்பியே பொருத்தப்பட்டிருக்கும். கம்பியுள்ள பெட்டி தொடக்கக்காரரை எளிதில் ஏமாற்றும். எப்படித் தட்டினாலும் சரசரப்பு வந்துவிடுவதால் ஸ்லாப், அதாவது விளிம்பில் எழும் கூரிய ஒலி, சரியாக விழுந்துவிட்டது என்று காது நம்பிவிடுகிறது. ஆகவே முதல் இரண்டு மாதம் கம்பியைத் தளர்த்தியோ, பலகையைத் தொடாதபடி விலக்கியோ வாசியுங்கள். விலக்க வழியில்லாத பெட்டியானால், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய துணி ஒன்றைச் செருகிவிடலாம். மரத்தின் சொந்தக் குரலில் இரண்டு ஒலியும் தனித்தனியாகக் கேட்ட பிறகு கம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்காருவது

கஹோனின் உயரம் பெரும்பாலும் 45 முதல் 50 செ.மீ., அதாவது ஒரு சாதாரண நாற்காலி இருக்கையின் உயரம். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். குதிகால் தொங்கினால் தொடையும் இடுப்பும் இறுகும். அந்த இறுக்கம் தோளில் ஏறி, கடைசியில் கைக்கு வந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கென்று உயரம் குறைந்த பெட்டிகள் கிடைக்கின்றன. பெரியவர்களுடையதில் அவர்களை ஏற்றி உட்காரவைக்காதீர்கள்.

பெட்டியின் முன்னோரத்தில் அமர்ந்து, குனிந்து, கால்களுக்கு நடுவே கையைத் தொங்கவிட்டு வாசிப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். ஒரு வருடம் அப்படியே வாசித்தால் வலி கச்சேரிக்கும் கூடவே வரும். சற்றுப் பின்னால் தள்ளி உட்காருங்கள். பெட்டியின் முன்பக்கம் தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை எழும்படி லேசாகப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்போது பலகை உங்களை நோக்கி வரும், நீங்கள் அதைத் தேடிக் குனிய வேண்டியதில்லை. டைல்ஸ் தரையில் இப்படிச் சாய்த்தால் வழுக்கும்; அடியில் ஒரு ரப்பர் பாய் போட்டுக்கொள்வது நல்லது. முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். தொடையோ கெண்டைக்காலோ முன்பலகையில் சாய்ந்தால் பலகையின் அதிர்வு அடங்கிவிடும். அனுபவமுள்ளவர்கள் வேண்டுமென்றே குதிகாலைப் பலகையில் அழுத்தி ஒலியின் சுருதியை ஏற்றுவதுண்டு. அந்த வித்தை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

பேஸ்

பெருவில் இதைக் க்ராவே என்பார்கள், கனத்த ஒலி என்று பொருள். நம் ஊர் இசைக்குழுக்களில் பேஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த நூலிலும் அப்படியே இருக்கட்டும்.

வலக்கையை முழங்கையிலிருந்து தளர்வாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இயல்பாக இருக்கட்டும். உள்ளங்கை பலகையில் படும் இடம் மேல் விளிம்பிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே. இது தோராயக் கணக்குதான். தொடக்கத்தில் செய்த ஒற்றை விரல் சோதனையில் 'தும்' எங்கே பிறந்ததோ அதுவே உங்கள் பெட்டியின் இடம். உள்ளங்கையும் விரலும் சேர்ந்து ஒரே நேரத்தில் பலகையில் பட வேண்டும். விரல் நுனி முந்தினால் 'டக்' என்று ஒரு கூர்மை கலந்துவிடும். மணிக்கட்டை ஒட்டிய மேடு முந்தினால் ஒலி மொண்ணையாக இருக்கும்.

அடுத்து வருவதுதான் முக்கியம். பட்டவுடன் கை திரும்பிவிட வேண்டும். சூடான தோசைக்கல்லைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கை என்ன செய்யுமோ அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். கை பலகையில் ஒரு நொடி தங்கினாலும் நீங்கள் எழுப்பிய அதிர்வை நீங்களே அமுக்கிவிடுகிறீர்கள். ஒலி போதவில்லை என்று தோன்றும்போது நாம் எல்லோரும் இன்னும் ஓங்கித் தட்டுகிறோம். ஓங்கித் தட்டினால் கை இறுகுகிறது, இறுகிய கை பலகையிலேயே நின்றுவிடுகிறது, ஒலி இன்னும் குறைகிறது. மறுபடி ஓங்குகிறோம். உள்ளங்கை சிவந்து வீங்குவதற்கும், பேஸ் கடைசி வரை வராமலே போவதற்கும் இந்தச் சுழல்தான் காரணம்.

என் தொடக்கக் காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். "பலம் போதாது, பலம் போதாது" என்பதைத் தவிர அங்கே வேறொன்றும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒருநாள் வயதான தவில்காரர் ஒருவர் நான் வாசிப்பதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீ உள்ளே தள்ளுற. தள்ளாத. கையைப் போடு, அது தானா வரும்" என்றார். கஹோனை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. அன்று மாலையே என் பேஸ் மாறியது. அதன் பிறகு எனக்குக் கைவலி வந்ததே இல்லை.

அவர் சொன்னதைப் பயிற்சியாக்கினால் இப்படி: கையைப் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தூக்கி வையுங்கள். தோளை விடுங்கள். முன்கையின் எடையோடு கை தானாகப் பலகையில் விழட்டும். பட்டதும் மரமே அதைத் திருப்பி அனுப்பும். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு துடிப்புக்கு ஒரு பேஸ், வலது ஒன்று இடது ஒன்று என்று ஐந்து நிமிடம் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், செய்யுங்கள். சலிப்பு வரும்போதுதான் தோள் தளர்கிறது.

ஸ்லாப்

பெருக்காரர்கள் அகூதோ என்று சொல்லும் கூரிய ஒலி இது. கற்றுக்கொள்ளக் கடினமானதும் இதுதான். சிலருக்கு ஒரு மாதத்தில் வரும், சிலருக்கு ஆறு மாதம்.

இடம் முன்பலகையின் மேல் விளிம்பு, நட்ட நடுவில் வேண்டாம், மூலைக்குச் சற்று உள்ளே. நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். விரல்கள் மட்டும் பலகைக்குள் இறங்கும். கை சாட்டையின் பிடி, விரல்கள் சாட்டையின் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு சிறிதாகச் சுழல, தளர்ந்த விரல்கள் பின்னால் வந்து மரத்தில் சொடுக்கென்று விழும். முழங்கை ஏறக்குறைய அசையாது. பேஸில் கையின் எடை பேசியது. இங்கே விரலின் வேகம் பேசுகிறது.

ஒரு ஸ்லாப்பைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். என்னிடம் வந்த ஒரு மாணவி எட்டு வருடம் மிருதங்கம் பயின்றவர். பேஸ் முதல் வாரத்திலேயே அழகாக விழுந்தது, அதுவும் இடக்கையில் கூடுதல் அழகாக. ஸ்லாப் வலக்கையில் இரண்டாம் வாரம் வந்துவிட்டது. இடக்கை ஸ்லாப்தான் மூன்று மாதமாகியும் வரவில்லை. கைபேசியில் வேகத்தைக் குறைத்துப் படம்பிடித்துப் பார்த்தோம். வலக்கையில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிகச் சிறிய இடைவெளியில், அலைபோல் மரத்தைத் தொட்டுவிட்டு எழுந்தன. இடக்கையிலோ நான்கு விரலும் ஒரே அட்டையாக ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தன. கட்டைவிரல் விறைத்து மேல்நோக்கி நின்றது. மிருதங்கத்தில் தொப்பி இடக்கைக்கு, வலந்தலை வலக்கைக்கு என்று வேலை பிரிந்திருக்கிறது. அவருடைய இடக்கை எட்டு வருடமாக ஆழ்ந்த ஒலியை மட்டுமே தேடிப் பழகியது. கூரிய ஒலி அதற்குத் தெரியாது. கஹோனில் அந்தப் பிரிவினை கிடையாது. இரண்டு கையும் இரண்டு ஒலியையும் எழுப்ப வேண்டும்.

அவருக்குக் கொடுத்த மருந்து இது. கட்டைவிரலை மட்டும் தளரவிடச் சொன்னேன். கட்டைவிரல் தளர்ந்தால் உள்ளங்கை தளரும், உள்ளங்கை தளர்ந்தால் விரல்கள் தாமாகப் பிரியும். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியிலுள்ள துளிகளைச் சுவரில் உதறுவதுபோல் பத்து முறை உதறச் சொன்னேன். அதே அசைவோடு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியின் விளிம்பில் உதற வேண்டும். நாலாவது நாள் இடக்கை ஸ்லாப் பேசியது. தவில் வாசித்தவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களுடைய இடக்கை குச்சியைப் பிடித்துப் பழகியது, விரல்களுக்கு விடுதலை கொடுக்கக் கொஞ்ச காலம் ஆகும்.

ஸ்லாப் 'டப்' என்று மங்கலாக இருந்தால் கை மிகவும் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு விரற்கடை ஏற்றுங்கள். ஒலி சரியாக இருந்தும் கணு வலித்தால் எலும்பு விளிம்பில் மோதுகிறது என்று பொருள். மணிக்கட்டைச் சற்று உயர்த்தி, விரல்களின் சதைப்பகுதி மட்டும் படும்படி கையை மாற்றுங்கள். சில பெட்டிகளின் மேல் விளிம்பு கூராக இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிடலாம். இன்னொன்று, பல பெட்டிகளில் மேல் மூலை ஸ்க்ரூ இரண்டையும் அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ தளர்த்தினால் பலகையின் மூலை சட்டத்தில் மோதிச் சடசடக்கும், ஸ்லாப் கூர்மை பெறும். பசை போட்டு ஒட்டிய மூலையானால் இதை முயலாதீர்கள், பலகை பிளந்துவிடும்.

இடையில் நிரப்பும் தொடுதல்

நல்ல கஹோன் வாசிப்பைக் கேட்கும்போது பேஸுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே ஏதோ ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். மழை ஓய்ந்த பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவதுபோல மெல்லிய தொடுதல்கள். கோஸ்ட் நோட் என்பார்கள். விரல் நுனிகளால் மேல் விளிம்பை ஒற்றியெடுத்தால் போதும், கையை உயர்த்தவே வேண்டாம், பலகையிலிருந்து இரண்டு விரற்கடை தூரம் தாராளம். பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது. வாசிக்கிற உங்களுக்குக் கேட்டால் போதும். தாளம் இதில்தான் நடக்கிறது. கனத்த ஒலியும் கூரிய ஒலியும் அந்த நடையின் மேல் ஏறி வருகின்றன. தொடக்கக்காரர்கள் இந்தத் தொடுதலை எப்போதும் சத்தமாகவே வாசிக்கிறார்கள், விளைவு மூன்றும் ஒரே உயரத்தில் நின்றுவிடுகிறது.

வாயால் சொல்லி வாசிப்பது

சொற்கட்டு நம் கையிலுள்ள சொத்து. கஹோனுக்கென்று நான் மூன்றே சொல் வைத்திருக்கிறேன்: பேஸுக்குத் தும், ஸ்லாப்புக்குத் தக், தொடுதலுக்குக் கி. வாயில் சுத்தமாக வராத எதுவும் கையில் வராது. முதலில் சொல்லுங்கள், பிறகு வாசியுங்கள். வலது, இடது, வலது, இடது என்று கைகள் மாறி மாறியே போகட்டும். எந்த இடத்திலும் ஒரே கையை இரண்டு முறை போட வேண்டாம்.

முதலில் நான்கின் நடை: தும் கி தக் கி. வலக்கை தும், இடக்கை கி, வலக்கை தக், இடக்கை கி. சினிமாப் பாட்டு, தேவாலயப் பாடல், கல்லூரிக் குழுவின் மேடை, எங்கே போனாலும் பாதிப் பாட்டுக்கு இது போதும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: வலக்கை எல்லா வேலையையும் செய்கிறது, இடக்கைக்குத் தொடுதல் மட்டும்தான். அதனால் ஒரு வாரத்தில் அடுத்ததற்குப் போய்விடுங்கள்: தும் கி தக் தும் கி தும் தக் கி. எட்டுத் தட்டு. நாலாவதாகவும் ஆறாவதாகவும் விழுகிற தும் இரண்டும் இடக்கையில் வரும். அவை வலக்கைத் தும்முக்கு இணையாகக் கேட்கும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம்.

மூன்றின் நடை: தும் கி கி தக் கி கி. கைகளை மாற்றி மாற்றிப் போட்டால் தும் வலக்கையில், தக் இடக்கையில் வந்து விழுவதைப் பார்ப்பீர்கள். இடக்கை ஸ்லாப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பெருவின் ஃபெஸ்தேஹோ, லந்தோ போன்ற ஆட்டங்கள் மும்மூன்றாகப் பிரியும் இந்த ஓட்டத்தில்தான் நடக்கின்றன. ஃபெஸ்தேஹோ துள்ளி ஓடும். லந்தோ இடுப்பசைத்து நிதானமாக நடக்கும். இந்தப் பயிற்சி அவற்றின் தட்டு அல்ல, அவற்றுக்குள் நுழைய வேண்டிய கைகளுக்கான தயாரிப்பு.

பன்னிரண்டுக்கு வருவோம். ஃபிளமெங்கோவின் புலேரியாஸ் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று. அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10 ஆகிய எண்களில். எண்ணுவதையே பன்னிரண்டில்தான் தொடங்குவார்கள். வெளிநாட்டு மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தகிட தகிட தக தக தக என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மூன்று மூன்று இரண்டு இரண்டு இரண்டு, பன்னிரண்டு முடிந்தது. ஒவ்வொரு 'த'விலும் ஒரு தக் போட்டு, மற்ற இடங்களைக் கி கொண்டு நிரப்புங்கள். அழுத்தங்கள் வலது, இடது, வலது, வலது, வலது என்று வரும். ஒரு எச்சரிக்கை. நாம் ஆவர்த்தனம் முடிந்து அடுத்த சமத்தில் வந்து நிற்கப் பழகியவர்கள். புலேரியாஸில் சொற்றொடர் பத்தில் வந்து முடியும். மீதி இரண்டு எண்ணிக்கை மூச்சு விடும் இடம். சமத்தைத் தேடி ஓடினால் கிதார்காரரோடு மோதுவீர்கள்.

காதுக்கும் பாடம் வேண்டும். பாக்கோ தெ லூசியா 1981இல் வெளியிட்ட 'சோலோ கியேரோ காமினார்' தொகுப்பில் ரூபெம் தந்தாஸ் வாசித்திருக்கிறார். பெருவின் பக்கம், 1995இல் வந்த 'தி சோல் ஆஃப் பிளாக் பெரு' தொகுப்பும் சூசானா பாக்காவின் பாடல்களும். கஹோனை மட்டும் பிரித்தெடுத்துக் கேளுங்கள். எத்தனை குறைவாகத் தட்டுகிறார்கள் என்பதுதான் முதலில் உறைக்கும்.

கையைக் காப்பது

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மோதிரம் மெல்லிய பலகையில் பள்ளம் போடும், விரலையும் நசுக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். முதல் வாரங்களில் உள்ளங்கை சிவப்பதும் லேசாக எரிவதும் இயல்பு. கால் மணி நேரத்தில் அடங்கிவிட வேண்டும். வீக்கம், கன்றிப்போதல், விரல் மரத்துப்போதல், மறுநாள் காலை வரை நீடிக்கும் வலி, இவற்றில் எது வந்தாலும் இரண்டு நாள் நிறுத்துங்கள். திரும்பத் தொடங்கும்போது தட்டும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கைத்தாள வாத்தியங்களை மணிக்கணக்கில் கடுமையாக வாசித்தவர்களுக்குச் சிறுநீர் செம்பழுப்பாகப் போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப மோதுவதால் உள்ளங்கையின் நுண்குழாய்களில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, அந்த நிறம் சிறுநீரில் கலக்கிறது. அரிதானதுதான். ஆனாலும் அப்படிக் கண்டால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், பொறுத்துப் பார்க்க வேண்டாம். இளைஞர்கள் கையில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் வாசிப்பதைப் பெருமையாகப் படம் போடுகிறார்கள். அது உழைப்பல்ல, தவறான கை.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குப் பெட்டியைத் தொட முடியாது. அப்போது தலையணையில் தும் கி தக் கி பழகலாம். தலையணை கையைத் திருப்பி அனுப்பாது என்பதால், கையை எழுப்புகிற வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். பேருந்தில் தொடையில் பழகலாம். ஒலி வராத இடத்தில் பழகிய கை, பெட்டிக்கு வந்ததும் சிக்கனமாக அசையும்.

அடுத்த இயல் பாட்டோடு சேர்ந்து வாசிப்பதைப் பற்றியது. அதைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை. கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, வலக்கையால் பத்து பேஸ், இடக்கையால் பத்து பேஸ், அதேபோல் பத்துப் பத்து ஸ்லாப், நடுவில் இடைவெளி விடாமல், கைகளைக் கலந்து வாசியுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எது வலது, எது இடது என்று உங்களாலேயே சொல்ல முடியாமல் போகும் நாளில் பக்கத்தைத் திருப்புங்கள். அதுவரை இந்த இயலிலேயே இருங்கள்.